கையில் கொடுக்காத உப்பு

1

நேற்றைய தபாலில் கல்வித் திணைக்களத்திலிருந்து நீண்ட உறை ஒன்று வந்தது. இந்த நாட்டில் நீண்ட உறைகளை உடனே பிரிக்க எனக்கு மனம் வராது. வந்து இறங்கிய நாளிலிருந்து அவை எல்லாம் எதையாவது கேட்டுத்தான் வந்திருக்கின்றன. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்புச் சரி என்று ஒருவர் கொடுக்கும் கடிதம், அந்த ஒருவர் யோக்கியர் என்று இன்னொருவர் கொடுக்கும் கடிதம். அதனால் உறையைக் குசினி மேசையில் போட்டுவிட்டு முதலில் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்தேன். பிறகு அரிசி களைந்தேன். கணவர் வேலையால் வந்ததும் அவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தார்.

"என்னப்பா, சொல்லுங்கோவன்."

"நிரந்தரமாக்கிப் போட்டாங்கள். இனி உம்மை ஒருத்தரும் அசைக்கேலாது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இந்தச் செய்தி வரும் நாளில் அழுவேன் என்று நினைத்து வைத்திருந்தேன். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. ஒரு வருடமாக நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பருப்புக் கறியும் சோறும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். மகள் வதனி, அம்மாவுக்கு என்ன நடந்தது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும், "சிட்னியில் என்ன படிப்பிக்கிறீர்?" என்று கேட்கிறார்கள். இதுவரை "சரித்திரம்" என்று மட்டும் எழுதித் தப்பிவிட்டேன். இப்போது வேலை நிலைத்துவிட்டதால் உண்மையைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்துப் பெண்ணாகிய நான், ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு, யப்பான் நாட்டுப் பிரபுக்கள் ஒருவர் கோட்டையை ஒருவர் முற்றுகையிட்ட கதையைப் படிப்பிக்கிறேன். சிரித்து முடித்தபின் மேலே வாசியுங்கள்.

2

என் பட்டச் சான்றிதழில் சிலோன் என்று இருக்கிறது. கடவுச்சீட்டில் சிறீலங்கா என்று இருக்கிறது. கல்வித் திணைக்களக் கந்தோரில் இருந்த இளம்பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நீங்கள் படித்தது ஒரு நாட்டில், வந்தது இன்னொரு நாட்டிலிருந்து, சரிதானே?" என்று கேட்டாள். நாடு ஒன்றுதான், பெயர்தான் மாறியது என்றேன். "ஏன் மாற்றினார்கள்?" என்றாள். அதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு கதிரையும் ஒரு கிழமையும் தேவைப்பட்டிருக்கும். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவள் ஒரு புதிய படிவம் தந்தாள்.

நாங்கள் இருப்பது டூங்கபியில். இங்கே ரெயில் ஏறி, பிளாக்டவுனில் இறங்கி, கொஞ்சத் தூரம் நடந்தால் என் பள்ளிக்கூடம். அதன் அதிபர் ஆறடி உயரம். கோடையில் அரைக் காற்சட்டையும் முழங்கால்வரை வெள்ளைக் காலுறையும் போட்டு வருவார். நான் முதல் நாள் அவர் முன்னால் போய் நின்றபோது அந்த முழங்கால்களைப் பார்க்காமல் இருக்கவே பெரும்பாடு பட்டேன். அவர் கையில் நேரசூசி இருந்தது. அதில் ஒன்பதாம் வகுப்புச் சரித்திரத்துக்கு நேரே ஒரு வெறுமையான கட்டம்.

"யப்பான். உள்நாட்டு யுத்த காலம். உங்களுக்கு இது சரிதானே?"

நான் ஊரில் பன்னிரண்டு வருடம் படிப்பித்தது இங்கிலாந்து அரசர்களையும் பிரெஞ்சுப் புரட்சியையும். யப்பான் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், உலக யுத்த காலத்தில் அவர்கள் குண்டு போட, கொழும்பிலிருந்து சனம் ரெயிலேறி ஊருக்கு ஓடி வந்தார்கள் என்பதுதான். ஆனால் எங்கள் ஊரில் அதிபர் ஒன்றைக் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வழக்கம் இல்லை. அவர் பார்வையிலோ யப்பானும் இலங்கையும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகள். என் வாய் என்னைக் கேட்காமலே ஓம் என்றது.

அப்படியே அவர் இன்னொன்றையும் சொன்னார். நான் முதல் வருடம் தற்காலிக ஆசிரியை. வருட முடிவுக்குள் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து என் வகுப்பில் இருந்து பார்ப்பார். அவர் திருப்திப்பட்டுக் கையெழுத்து வைத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கிறிஸ்மஸ் விடுமுறையோடு நான் வீட்டுக்குப் போகலாம். கணவர் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். இங்கே ஒரு கந்தோரில் கட்டட வரைபடம் கீறுகிறார், அதுவும் ஆறு ஆறு மாத ஒப்பந்தம். ஆகவே எங்கள் மூன்று பேரின் இருப்பும் அந்தக் கையெழுத்தில் தொங்கியது.

3

பள்ளிக்கூட நூல்நிலையத்தில் யப்பான் பற்றி இரண்டு புத்தகங்கள்தான் இருந்தன. இரண்டையும் நானே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், சில நாட்களில் அரைப் பாடம்தான்.

கதை இதுதான். நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் அந்த நாட்டில் ஒரு சக்கரவர்த்தி இருந்தார், அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. அவருக்குக் கீழே ஒரு மகா சேனாதிபதி இருந்தார், அவரையும் யாரும் பொருட்படுத்தவில்லை. பள்ளத்தாக்குக்கு ஒரு பிரபு, மலைக்கு ஒரு கோட்டை. இன்றைக்கு உறவு, நாளைக்குப் பகை. அண்ணன் தம்பியைச் சாய்ப்பான், தளபதி எசமானைச் சாய்ப்பான். இப்படியே நூறு வருடத்துக்கு மேல். அவர்களின் பெயர்களைச் சொல்லி உங்களைச் சோதிக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பெயர்கள் கரும்பாக இருந்தன. மற்ற ஆசிரியர்கள் அவற்றை வாசிக்கவே பயந்தார்கள். என் தகப்பனாரின் முழுப்பெயரை எழுதிப் பழகியவளுக்கு அதெல்லாம் ஒரு நீளமா?

ஆனால் பிள்ளைகள் பிடிபடவில்லை. ஊரில் நான் வகுப்புக்குள் காலை வைத்தால் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். நான் குறிப்புச் சொல்லுவேன், அவர்கள் எழுதுவார்கள், பிறகு பாடமாக்குவார்கள். இங்கே நான் குறிப்புச் சொல்லத் தொடங்கியதும் ஒரு பெண் நகத்துக்கு மை பூசத் தொடங்கினாள். வகுப்பு இரண்டு பாளையமாக இருந்தது. யன்னல் பக்கம் கேரியின் ஆட்கள். கேரி செம்பட்டை முடி, வாய் ஓயாத பையன். கதவுப் பக்கம் டெபியின் ஆட்கள். டெபி உயரமான பெண், குரல் ஊதுகுழல். எந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அதன் கைகளை விரல் நுனி மறையும்வரை இழுத்துவிட்டிருப்பாள். கேரி அவளை "ஓணான்" என்று கூப்பிடுவான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பட்டப்பெயர் வைக்காத பையன்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அது என் பிழை.

(இவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இவர்களை நினைக்கும்போது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சிலேதான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.)

அவர்களைப் பிடித்துத் தந்தது ஒரு முற்றுகை. சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு கோட்டை, நெருங்க முடியாது. முற்றுகையிட வந்த தளபதி ஒரு காலத்தில் தன் பிரபுவின் செருப்பைத் தூக்கித் திரிந்தவனாம். அவன் கோட்டையைத் தாக்கவில்லை. பக்கத்தில் ஓடிய ஆற்றை மறித்து, கோட்டையைச் சுற்றி இரண்டு மைல் அளவுக்கு அணை கட்டினான். மாரிமழை வந்தது. கோட்டை ஏரிக்குள் தீவாகிப் போனது. உள்ளே சாப்பாடு முடிந்தது. கடைசியில் கோட்டைத் தலைவன் ஒரு சிறு படகில் வெளியே வந்தான். தன் உயிருக்குப் பதிலாக உள்ளே இருப்பவர்களை விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. இரண்டு படைகளும் பார்த்திருக்க, அந்தப் படகிலேயே தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டான். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது கணவர் தோசையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தினை நாளில கட்டினவன் எண்டு சொன்னீர்?"

"பன்னிரண்டு நாளாம்."

"ரெண்டு மைல் குளக்கட்டு, பன்னிரண்டு நாளிலயோ? எங்கட டிப்பார்ட்மென்டில பன்னிரண்டு நாளில ஃபைலுக்கு நூல் கூடக் கட்டி முடியாது."

அவர் அதோடு விடவில்லை. ஒரு தாளை எடுத்து அணையின் குறுக்குவெட்டைக் கீறத் தொடங்கிவிட்டார். இங்கே வந்தபின் அவர் ஒரு குளத்தைப் பற்றிக் கதைத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தத் தாளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிறகு எனக்கே தெரியாத துணிவில், வகுப்பு முழுவதையும் நீளம் பாய்கிற மணல் குழிக்குக் கூட்டிப் போனேன். டெபியின் ஆட்கள் நடுவில் கோட்டை கட்டினார்கள். கேரியின் ஆட்கள் கணவர் கீறிய அளவுப்படி அணை கட்டி, தோட்டக்காரரின் குழாயைத் திருப்பிவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் கோட்டை கரைந்தது, கேரி தண்ணீருக்குள் விழுந்தான், என் சேலை முழங்கால்வரை சேறு. அதிபர் தன் கந்தோர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முழங்கால்களை இனிமேல் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த வகுப்பு எனக்குக் காது கொடுத்தது. இன்ஸ்பெக்டர் வரும் திகதியும் வந்தது. அடுத்த கிழமை வியாழன். நான் பயப்படவில்லை என்றுகூட ஊருக்கு ஒரு நீல விமானத் தபால் கடிதம் எழுதிப் போட்டேன்.

4

எழுதிப் போட்டது திங்கள். செவ்வாய்க்கிழமை பாடம் உப்பு.

மலைநாட்டுப் பிரபு ஒருவன், அவன் நிலத்தில் கடல் இல்லை. கரையோரப் பிரபுக்கள் ஒன்று கூடி, அவனுக்கு உப்புப் போகாமல் வழிகளை அடைத்தார்கள். உப்பில்லாமல் எத்தனை நாளைக்குத் தாங்குவது? அப்போது அவனுடைய பரம எதிரியான வடக்குப் பிரபு உப்பு அனுப்பினான். இருவரும் ஒரே ஆற்றங்கரையில் ஐந்து தரம் மோதிய ஆட்கள். எனக்கும் உனக்கும் சண்டை வில்லாலும் வாளாலும்தான், உப்பால் அல்ல என்று சொல்லி அனுப்பினானாம். இது முழுக்க உண்மையோ தெரியாது. புத்தகமே "என்பார்கள்" என்றுதான் முடித்திருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

நடித்துக் காட்டலாம் என்றேன். டெபி மலைநாட்டுப் பிரபு. கேரி கரையோரப் பிரபு, அவன் வலு சந்தோசமாகக் கதிரைகளை அடுக்கி வழியை மறித்தான். வடக்குப் பிரபுவாக நிற்க யாரும் முன்வராததால் நானே நின்றேன். ஊர்க் கடைகளில் செய்வதுபோலக் கடதாசியில் சரை சுற்றி அதற்குள் உப்புப் போட்டு வீட்டிலிருந்து கொண்டு போயிருந்தேன். நான் கதிரைகளைத் தாண்டி டெபியிடம் போனேன்.

அவள் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினாள்.

வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்பையும் மிளகாயையும் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். என் வாழ்நாளில் நான் ஒருவர் கையிலும் உப்பு வைத்ததில்லை. என் கை என்னைக் கேட்கவில்லை. அந்த நீட்டிய கைகளுக்கு மேலால் போய், சரையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டது.

அதன் பிறகுதான் அவள் கைகளைப் பார்த்தேன். விரலிடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு எல்லாம் கரப்பன். சிவந்து, வெடித்து, செதில் செதிலாக. அவள் வெயிலிலும் கம்பளி போடுவதன் காரணமும், ஓணான் என்ற பேரின் காரணமும் ஒரேயடியாக விளங்கின. அந்த வகுப்பில் அவள் முதன்முதலாகக் கையை வெளியே எடுத்தது என்னிடம் உப்பு வாங்க.

கேரி யன்னல் பக்கத்திலிருந்து கத்தினான். "பாத்தீங்களோடா! மிஸ்ஸும் ஓணானைத் தொடமாட்டா!"

வகுப்பு சிரித்தது. டெபி கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுக்கியிருந்த கதிரைகளைக் காலால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் மேசையில் இருந்த சரையைப் பார்த்தபடி மணி அடிக்கும்வரை நின்றேன்.

5

புதன்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். டெபியின் தாய் தொலைபேசியில் பேசினாராம்.

"பிள்ளையைத் தொட நீங்கள் அருவருத்தீங்களாம். நான் நம்பேல்லை. ஆனா இது எழுத்தில வந்தா, இன்ஸ்பெக்டருக்குக் காட்டாம விடேலாது."

உப்பு, சண்டை, ஊர் வழக்கம் என்று சொல்லத் தொடங்கினேன். அந்தக் கந்தோரில், அந்த உலோக மேசைக்கு முன்னால், என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

அவர் நல்ல மனுசர். கையை உயர்த்தி நிறுத்தினார். "ஒரு வழி இருக்கு. தாய் கேட்டது வேற வகுப்பு. திங்கக்கிழமையிலயிருந்து டெபியை மற்றச் சரித்திர வகுப்புக்கு மாத்திவிடுறன். ஒத்துப்போகேல்லை எண்டு ஒரு வரி எழுதினாப் போதும். முறைப்பாடு இல்லை, ஒண்டும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் சொல்லுங்கோ."

வீட்டில் கணவர் யோசிக்கவே இல்லை. "ஓம் எண்டு சொல்லிப் போட்டு வாரும். இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும். பிறகு அந்தப் பிள்ளைக்குச் சொக்கிலேற் வாங்கிக் குடுக்கலாம்."

எனக்கும் அதுதான் விருப்பம், ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு பிள்ளை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு மாறுவதில் என்ன குடி முழுகப் போகிறது? ஆனால் அவள் மாறிப் போனால் வாழ்நாள் முழுக்க ஒன்றை நம்புவாள். பெரியவர்களும் தன் கையைக் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று. அதற்குச் சாட்சி நானாக இருப்பேன். அந்த எண்ணத்தோடு என்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை.

வதனி மேசையின் மறுபக்கம் இருந்து, புளிப்புப் பச்சை அப்பிளுக்கு உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயது. வந்து ஆறு மாதத்திலேயே தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லப் பழகிவிட்டவள். அதைப் பற்றி எனக்கும் கணவருக்கும் எத்தனை சண்டை.

"ஜஸ்ற் சே சொறி, அம்மா," என்றாள்.

"ஆருக்கு?"

"த கேர்ள். எங்கட ரீச்சர் எனக்குச் சொன்னவ. ஷி ஸ்பெல்ற் மை நேம் றோங். எல்லாருக்கும் முன்னால சொறி சொன்னவ. தட்ஸ் ஓல்."

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் ஆசிரியரை நான் படித்த பள்ளிக்கூடமும் கண்டதில்லை, படிப்பித்த பள்ளிக்கூடமும் கண்டதில்லை. பிழை விட்டால் அடுத்த நாள் கொஞ்சம் அன்பாகப் பேசுவோம், அவ்வளவுதான். இந்த நாட்டுக்காரரோ பஸ்ஸில் கால் பட்டாலும் சொறி, வழி விட்டாலும் சொறி. அந்தச் சொல்லுக்கு இங்கே எடை இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். வதனி அப்பிளைக் கடித்தபடி அதைச் சொன்ன விதத்தில், அவளுடைய ரீச்சர் சொன்ன சொல் அவளிடம் இன்னும் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தது. என் பிள்ளை எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று ஒரு வருடமாகக் கவலைப்பட்டேன். அவள் போன இடத்தில் நல்லதும் கிடந்திருக்கிறது.

படகில் தனியே வந்த கோட்டைத் தலைவனை நினைத்தேன். அவன் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு சொல்தான்.

6

வெள்ளிக்கிழமை காலை அதே சரையைக் கொண்டு போனேன். டெபி கடைசி வரிசை வாங்கில், சுவரோடு ஒட்டி, கைகளைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு இருந்தாள். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை நான் ஒரு பிழை விட்டனான். அதுக்கு டெபியிட்ட மன்னிப்புக் கேக்கிறன்."

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். உப்பைக் கையில் கொடுக்கக் கூடாது, சண்டை வரும் என்று எங்கள் வீடுகளில் பெரிய சட்டம் என்றேன். என் கணவருக்கும் கொடுப்பதில்லை, மகளுக்கும் கொடுப்பதில்லை, கைநீட்டினால் மேசையைக் காட்டுவேன் என்றேன்.

கேரி கையை உயர்த்தினான். "மிஸ், அப்ப உப்புத் தூவித் தாற ஃபிஷ் அன்ட் சிப்ஸ் கடையில நெடுகவும் சண்டை தானே?"

சிரிப்பு எழும்பியது. டெபி சிரிக்கவில்லை.

"நீங்கள் இதை இப்ப யோசிச்சுச் சொல்லுறீங்கள்," என்றாள். "என்ர கையைப் பாத்துத்தான் வைக்காம விட்டனீங்கள்."

அவளுக்கு நான் என்ன அத்தாட்சி காட்டுவது? ஊரிலிருந்து சத்தியக் கடதாசி எடுப்பிக்கவா? நான் சரையை எடுத்துக்கொண்டு கடைசி வாங்குக்கு நடந்தேன். அவள் முன்னால் நின்று, "கையைத் தா," என்றேன்.

தரவில்லை. நான் நின்றேன். முப்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ புல்லு வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார்கள். அந்தச் சத்தம் மைதானத்தின் ஒரு தலைப்புக்குப் போய்த் திரும்பி வரும்வரை நின்றேன். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்து மேசைமேல் கிடந்தது.

அந்தக் கையை என் இடது கையால் ஏந்திப் பிடித்தேன். சூடாக, சொரசொரவென்று இருந்தது. வெடிப்பில் உப்புப் பட்டால் எரியுமென்று சரையின் வாயை நன்றாக மடித்து, அவள் உள்ளங்கையில் வைத்தேன். உண்மையாகச் சொல்கிறேன், வைக்கும்போது என் உடம்பு கூசியது. அவள் கைக்காக அல்ல. முப்பத்தெட்டு வருடப் பழக்கம், அது அந்த நேரத்திலும் வேண்டாம் வேண்டாம் என்றது.

"இனி எனக்கும் உனக்கும் நிச்சயமாச் சண்டை வரப்போகுது," என்றேன்.

டெபி சரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது செவ்வாய்க்கிழமையே வந்திட்டுதே, மிஸ்."

முதலில் சிரித்தது கேரி. அதன் பின் வகுப்பு, அதன் பின் நான். டெபியும் சிரித்துவிட்டு, உடனே அதை மறைக்கத் தலையைக் குனிந்தாள். பின்னேரம் அதிபரிடம் போய், ஒத்துப்போகவில்லை என்று எழுத மாட்டேன் என்றேன். தாய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் இன்ஸ்பெக்டருக்கு அதைக் காட்டுங்கள் என்றும் சொன்னேன். எங்கள் ஊர்ப் பழக்கத்தை மீறி ஓர் அதிபரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

திங்கள் வந்தது. டெபி என் வகுப்பிலேயே இருந்தாள். தாயிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

7

வியாழக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் சாம்பல் கோட்டுப் போட்ட மெலிந்த மனிதர். கடைசி வரிசை வாங்கில் இருந்துகொண்டு ஒரு சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். அவர் எழுதும்போதெல்லாம் என் வாயிலிருந்த ஆங்கிலம் கட்டை கட்டையாக விழுந்தது. நூற்றாண்டைப் பிழையாகச் சொன்னேன். கேரி, "மிஸ், அதுக்கு அடுத்தது," என்று திருத்தினான். முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

பிள்ளைகள்தான் என்னைக் காப்பாற்றினார்கள். அணை கட்டிய முற்றுகையை விளக்கச் சொன்னதும் கேரி எழுந்து கரும்பலகைக்கு வந்து, என் கணவரின் குறுக்குவெட்டை அப்படியே கீறினான். அடி அகலம் இவ்வளவு, தலை அகலம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, "மிஸ்ஸின்ர அவர் குளம் கட்டினவர், பன்னிரண்டு நாள் எண்டதை அவர் நம்பேல்லை, நானும் நம்பேல்லை," என்று முடித்தான். இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. அவர் தலையை உயர்த்திப் பார்த்தார்.

கடைசிப் பத்து நிமிடம் டெபியின் முறை. அவள் முன்னால் வந்தாள். கம்பளிச் சட்டையின் கைகள் முழங்கைவரை சுருட்டியிருந்தன. அந்தக் கைகளால் மேசைமேல் நாட்டின் படத்தைக் காட்டி, மலை எங்கே, கடல் எங்கே, எந்த வழியை அடைத்தார்கள் என்று சொன்னாள். பிறகு உப்புச் சரையைத் தூக்கிப் பிடித்து, எதிரி இதை ஏன் அனுப்பினான் என்று வகுப்பைக் கேட்டாள். யன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் அடிபட்டுக்கொண்டு மறுமொழி சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு இருக்க முடியவில்லை. எழுந்து முன்னால் வந்தார். "அது என்ன, பாப்பம்?" என்று டெபியிடம் கையை நீட்டினார்.

டெபி அவர் கையைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சரையை அவர் கைக்குக் கொடுக்காமல், மிகக் கவனமாக மேசையில் வைத்து, ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"கையில தரமாட்டன், சேர். தந்தாச் சண்டை வரும். இண்டைக்கு உங்களோட எங்களுக்கு ஒரு சண்டையும் வேண்டாம்."

வகுப்பு வெடித்தது. இன்ஸ்பெக்டர் கையை நீட்டியபடியே நின்றார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் மெல்லக் குனிந்து, மேசையிலிருந்து சரையை எடுத்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். கதவடியில் நின்று, "இந்த வகுப்பை விட்டுப் போக மனமில்லை," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பின் ஒரு மாதமாக நான் காத்திருந்த உறைதான் நேற்று வந்தது.

அன்று அவர் போனதும் மணி அடித்தது. பிள்ளைகள் கதிரைகளை இழுத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். டெபி மட்டும் நின்று, மேசையில் கிடந்த சரையை எடுத்தாள்.

"இதை என்ன செய்யிறது, மிஸ்?"

"அங்க வை, பிறகு எடுக்கிறன்."

அவள் வைக்கவில்லை. என் கையைப் பிடித்து மேலே திருப்பி, சரையை உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"எங்கட சண்டை முடிஞ்சுது தானே," என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிப்போனாள்.